லாக்கில் இல்லாத குரல்

அன்று மதியம் அந்தக் குரல் எனக்கு எத்தனை முறை கேட்டது? இரண்டு முறையா, மூன்று முறையா?

பத்து மாதமாகிறது. இன்னும் தெரியவில்லை. இரண்டு என்றால், நான் கேட்டதெல்லாம் என் மேசைமேல் இருந்த ஒரு சர்க்யூட் போர்டின் சத்தம். மூன்று என்றால், அதில் ஒன்று என் மகள் கொல்லைக்குப் பின்னால் வாய்க்காலில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டது. கேட்டும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

மகள் நன்றாக இருக்கிறாள். சிறு பிள்ளை வைத்திருப்பவர்கள் பதறிக்கொண்டு படிக்க வேண்டாம் என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது மூன்று வயது. நான் எழுத வந்தது அவளுக்காக மட்டுமல்ல. அன்று நடந்ததற்கு முழுக்க முழுக்கத் தானே காரணம் என்று என் கணவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையில், இந்த சம்பாவுக்கு நாற்று விடாமல் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுத் தஞ்சாவூரில் மாடி வீடு பார்க்கலாம் என்கிறார். அவர் நினைப்பது முழுதும் சரியில்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். நான் சொல்லவில்லை.

எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கம். குடமுருட்டித் தண்ணீர் பாயும் ஊர். கணவர் விவசாயம் பார்க்கிறார். நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ். சென்னையில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். மகள் பிறந்த பிறகு அதே கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். கொல்லைப்புறத்தைப் பார்த்த அறையில் ஜன்னலோரமாக என் மேசை. கொல்லையைத் தாண்டினால் எங்கள் வயலுக்குப் போகும் வாய்க்கால், அதன் கரையில் போர் மோட்டார் கொட்டகை.

என் வேலை என்ன என்று ஊரில் யாராவது கேட்டால், "டிரைவர் எழுதுறாங்க" என்று கணவர் சொல்லிவிடுவார். கல்யாணத்துக்கு வந்த அவருடைய சித்தப்பா ஒருவர், "அப்படியா, என்னா வண்டி?" என்று என்னையே கேட்டார்.

வண்டி இல்லை. கணினியிலோ போனிலோ நாம் ஒன்றைச் செருகுகிறோம். மவுஸ், பென் டிரைவ், ஹெட்போன், எதுவாக இருந்தாலும் அதனோடு பேசுவதற்கு உள்ளே ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அதற்கு யு.எஸ்.பி. ஹோஸ்ட் கன்ட்ரோலர் என்று பெயர். அதை வேலை வாங்குகிற மென்பொருள்தான் டிரைவர். டிரைவர் செய்ய வேண்டிய வேலைகளைத் துண்டுச் சீட்டுகளாக எழுதி நினைவகத்தில் வட்டமாக அடுக்கி வைக்கும். 'இந்த இடத்தில் இருக்கும் சத்தத்தை எடுத்து ஹெட்போனுக்கு அனுப்பு' என்பது ஒரு சீட்டு. கன்ட்ரோலர் வட்டத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு சீட்டாகப் படித்துச் செய்யும். ஒவ்வொரு சீட்டின் ஓரத்திலும் ஒரு குறி. அந்தக் குறியைப் பார்த்துத்தான் இது புதுச் சீட்டா, வெற்று இடமா என்று கன்ட்ரோலர் தெரிந்துகொள்கிறது.

இந்த டிரைவர் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. உலகத்துக்கே பொது. ஆனால் எங்கள் கம்பெனியின் சிப்பில் ஒரு விசேஷம் உண்டு. பாட்டு ஓடும்போது பெரிய பிராசஸர் தூங்கிவிடலாம். ஒலிக்கென்று இருக்கும் குட்டிப் பிராசஸர் மட்டும் விழித்திருந்தால் போதும். பேட்டரி மிச்சம். அதற்கு அந்தச் சீட்டு வட்டம் பொது நினைவகத்தில் இல்லாமல், குட்டிப் பிராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன நினைவகத்தில் இருக்க வேண்டும். ஆகவே பொது டிரைவர் நினைவகம் கேட்கும் இடத்தில் ஒரு கொக்கி மாட்ட வேண்டும். 'கம்பெனிக்காரர் யாராவது தனியாக இடம் வைத்திருக்கிறீர்களா? இருந்தால் அங்கே வாங்கிக்கொள்கிறேன், இல்லாவிட்டால் வழக்கமான இடத்தில்.' வாங்க ஒரு கொக்கி, திருப்பிக் கொடுக்க ஒரு கொக்கி. இந்தக் கொக்கிகளை எழுதிப் பொது டிரைவரில் சேர்க்கும்படி அனுப்புவதுதான் என் பொறுப்பு.

கணவரிடம் இதை ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் விளக்கினேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஊருக்குப் பொது மடை இருக்கறப்ப, ஒங்க கம்பெனிக்கு மட்டும் தனிக் குழாயா? எங்க ஊர்ல இப்படிக் கேட்டா வெட்டுக்குத்துல முடியும்."

"அங்கயும் அதேதாங்க. ஏன் தனிக் குழாய்னு கேட்டுக் கேட்டு மெயில் வருது."

"கேக்கட்டும். தண்ணி எடுத்தவன் ஒழுங்கா மூடிட்டுப் போறானான்னு மட்டும் பாத்துக்க."

அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தனி இடத்தில் வாங்கிய நினைவகத்தைத் தனி இடத்திலேயே திருப்பித் தருகிறேனா, தவறிப்போய்ப் பொது இடத்தில் தந்துவிடுகிறேனா என்று நூறு விதமாகச் சோதித்தேன். என் கவலை முழுவதும் வாங்குவதிலும் தருவதிலும் இருந்தது.

சோதனைக்கு மேசையில் இப்படி ஓர் ஏற்பாடு. ஒரு போர்டு. அதற்கு இரண்டு கருவிகள், ஒரு ஹெட்போன், ஒரு சின்ன ஸ்பீக்கர். நடுவில் ஒரு ரிலே. அது 'டக்' என்று ஹெட்போனைத் துண்டித்துவிட்டு ஸ்பீக்கரைச் சேர்க்கும். பிறகு மறுபடி மாற்றும். நாள் முழுக்க அதுவே தானாகச் செய்துகொண்டிருக்கும். ஹெட்போனுக்கு ஒரு ஒலி போகும். ஸ்பீக்கருக்கு மௌனம் மட்டும்தான் போகும். ஸ்பீக்கர் வாயைத் திறந்தால் எங்கேயோ தவறு.

வழக்கமாக 'கூ' என்று ஒரே சுருதியில் நீளும் ஒலியைத்தான் இதற்குப் போடுவோம். எங்கள் ஊரில் அது சரிப்படவில்லை. தூரத்து மோட்டார், வயலில் ஓடும் டிராக்டர், பவர்கட்டில் யாரோ வீட்டு இன்வெர்ட்டர், எல்லாமே 'கூ' என்றுதான் இருந்தன. எதனோடும் குழம்பாத ஒரு ஒலி வேண்டும் என்று யோசித்தேன். போனில் மகள் 'அம்மா' என்று கூப்பிட்ட பதிவு ஒன்று இருந்தது. என் அக்காவுக்கு அனுப்புவதற்காக எடுத்தது. ஒரே ஒரு சொல், கடைசியில் கொஞ்சம் இழுப்பாள். அதைப் போட்டேன். எத்தனை சத்தத்துக்கு நடுவிலும் அவள் குரல் எனக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். இது என் முடிவு. யாரும் சொல்லவில்லை.

இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலை ஜன்னல் பக்கமிருந்து, "அம்மா" என்று கேட்டது. எழுந்து ஓடினேன். கூடத்தில் மகள், அவளைப் பார்த்துக்கொள்ள வரும் அக்காவின் மடியில் படுத்துக்கொண்டு கிலுகிலுப்பையைக் கடித்துக்கொண்டிருந்தாள். இந்த அக்கா பக்கத்துத் தெரு. காலையில் வந்தால் மூன்று மணிக்குத்தான் வீட்டுக்குப் போவார்.

"பாப்பா கூப்பிட்டாளாக்கா?"

"இல்லையே. வாய் நிறைய கிலுகிலுப்பைய வச்சிக்கிட்டு எப்படிக் கூப்புடும்?"

திரும்பி வந்து உட்கார்ந்தேன். மதியத்துக்குள் மறுபடி இரண்டு முறை. இரண்டு முறையும் ஓடினேன். கடைசி முறை அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, புள்ள இங்க எம் மடியில கெடக்கு. நீ எந்தப் புள்ளயத் தேடி ஓடியாற?"

சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் போகும்போது வாசலில் நின்று, "எதுக்கும் ஒரு எலுமிச்சங்கா சுத்திப் போடும்மா" என்றார்.

சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது என்று அன்று மாலையே கண்டுபிடித்துவிட்டேன். மௌனம் மட்டுமே போக வேண்டிய ஸ்பீக்கரில், ஹெட்போனுக்குப் போன குரல் கேட்கிறது. எப்போதும் இல்லை, பத்துப் பதினைந்து மாற்றத்துக்கு ஒரு முறை. ஏன் என்று புரியவில்லை. அதற்கடுத்த நாட்களில் குரல் கேட்கும்போதெல்லாம் உடம்பு தானாக எழப் பார்க்கும். நான் அதை உட்காரவைப்பேன். இது போர்டு, இது போர்டு என்று சொல்லிக்கொள்வேன். ஒரு வாரத்தில் உடம்பு பழகிவிட்டது. திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

அதைச் சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

அந்த நாள் வந்தது. எங்கள் பக்கம் நடவு தொடங்கியிருந்தது. அக்கா காலையிலேயே போன் செய்து, ஆள் பற்றாக்குறை, நடவுக்குப் போகிறேன், இன்றைக்கு வரமுடியாது என்றார். கணவர் பதினோரு மணிவரை மகளைப் பார்த்துக்கொண்டார். பிறகு நான் சோறு ஊட்டிக் கூடத்தில் பாயில் தூங்கவைத்தேன். ஒன்றரை மணிக்குக் கணவர் வந்து சாப்பிட்டார்.

"என்ன மேடம், பேய் இன்னிக்குப் பேசுச்சா?" என்று என் அறையை எட்டிப்பார்த்தார்.

"காலையில நாலு தடவ."

"நம்ம புள்ளய விட அதுதான் ஒழுங்கா அம்மான்னு கூப்புடுது போல. சரி, பாப்பா தூங்குது. த்ரீ பேஸ் கரண்டு வந்துருச்சு, நான் மோட்டாரப் போட்டுட்டு வரேன்."

"ம்" என்றேன். ரப்பர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக் கதவு வழியாகப் போனார். இரண்டு கையும் குழாயில். கதவைச் சாத்தவில்லை.

தினமும் அந்தக் கதவைச் சாத்துவது அக்கா. அவரிடம் யாரும் அதைச் சொன்னதில்லை. மகள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து யார் போனாலும் வந்தாலும் பின்னாலேயே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிடுவார். அதனால் அது சாத்தியிருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் எங்கள் இருவருக்கும் இல்லை.

அன்று காலை ஒரு மெயில் வந்திருந்தது. பொது டிரைவரில் எதைச் சேர்த்தாலும் உலகத்தின் எங்கெங்கோ இருப்பவர்கள் படித்துக் கேள்வி கேட்பார்கள். முன்பின் தெரியாத ஒருவர் என் கொக்கிகளைப் படித்துவிட்டு ஒரே ஒரு வரி கேட்டிருந்தார். 'இந்த நினைவகத்தை யார் துடைக்கிறார்கள்?'

பத்து முறையாவது படித்திருப்பேன். வழக்கமான இடத்தில் நினைவகம் கேட்டால், துடைத்து வெற்றாகத்தான் கொடுப்பார்கள். கேட்க வேண்டியதே இல்லை. எங்கள் தனி நினைவகத்தை யாரும் துடைப்பதில்லை. பழைய சீட்டுகள், பழைய குறிகளோடு அப்படியே கிடக்கும். ஸ்பீக்கர் புதிதாக வந்து அதே இடத்தை வாங்கினால், கன்ட்ரோலர் பழைய குறியைப் பார்த்துப் புதுச் சீட்டு என்று நம்பி, ஹெட்போனுக்கு எழுதியதை ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும்.

இதுதானா என்று உறுதிசெய்ய ஒரு சிறு மாற்றம் செய்தேன். வாங்கிய நினைவகம் வெற்றாக இல்லாவிட்டால் லாக்கில், அதாவது சோதனையில் நடப்பதை நேரத்தோடு குறித்துவைக்கும் பதிவில், ஒரு வரி எழுதும்படி. கணவர் போன பிறகு சோதனையை மறுபடி ஓடவிட்டேன்.

'டக்', 'டக்' என்று ரிலே மாறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில், "அம்மா." லாக்கைப் பார்த்தேன். ஒரு வரி விழுந்திருந்தது. அதே நொடி. நான் சிரித்துவிட்டேன். பத்து நாளாக என்னை ஓடவைத்ததைப் பிடித்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடி, "அம்மா." இன்னொரு வரி. இரண்டு என்று வாய்விட்டுச் சொன்னேன். அதன் பிறகு திரையில் லாக்கை மறைத்துவிட்டு, துடைப்பதற்கான வரியை எழுத உட்கார்ந்தேன்.

எழுதும்போது ஒரு "அம்மா" கேட்டது என்று ஒரு நினைவு. கேட்டதும் மறுபடி சிரித்ததாக ஒரு நினைவு. அது இரண்டாவது முறைச் சிரிப்பா, தனியாக இன்னொன்றா? அதற்கு முன் 'டக்' கேட்டதா? ரிலே சத்தத்தை என் காது மின்விசிறிச் சத்தம்போல எப்போதோ விட்டுவிட்டிருந்தது. யோசிக்க யோசிக்க அந்த நினைவு இரண்டாகவும் தெரிகிறது, மூன்றாகவும் தெரிகிறது.

அடுத்து எனக்கு உறுதியாகத் தெரிவது, கொல்லையில் அக்காவின் கத்தல்.

"ஏம்மா! ஏம்மா! யாரு இருக்கா உள்ள?"

ஓடினேன். அக்கா இடுப்பில் மகள். இருவரும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்கள். அக்காவின் புடவை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியபடி, கைகளில் நாற்று நட்ட சேறு. மகளின் ஒரு கையில் கோரைப்புல் கொத்து. அதை விடவேயில்லை.

"டீ குடிக்க வரப்புல வர்றேன், வாய்க்கால்ல நெஞ்சு மட்டும் தண்ணில நிக்கிது. புல்லப் புடிச்சிக்கிட்டு. நான் வரலன்னா என்னா ஆயிருக்கும்? தொறந்த வீடு, தொறந்த கதவு!"

மகளை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். அவள் அழவில்லை. உடம்பு சில்லென்று இருந்தது. அதற்குள் கணவர் கரை வழியாக ஓடிவந்தார். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

அக்கா என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "புள்ள கூப்புடலயா? ஒனக்குச் சத்தமே கேக்கலயா?"

"இல்லக்கா" என்றேன். "சத்தமே கேக்கல."

கேள்வி முடிவதற்குள் சொன்னேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. பொய்யா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் 'ஏதோ கேட்டது, போர்டு என்று நினைத்தேன்' என்று சொல்லியிருக்கலாம். அது வாய்வரை வந்ததும் நினைவிருக்கிறது.

கணவர் திறந்து கிடந்த கதவைப் பார்த்தார். பிறகு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான். குழாயத் தூக்கிக்கிட்டுப் போனேன். சாத்தவே இல்ல" என்றார். நான் துப்பட்டாவால் மகளின் உடம்பைத் துடைத்தேன்.

மறுநாள் சோதனை லாக்கை முழுதாகப் படித்தேன். அந்த மதியத்தில், துடைக்காத நினைவகம் என்று விழுந்த வரிகள் இரண்டு. இரண்டே இரண்டு. நான் பார்த்த அதே இரண்டு. அதாவது ஸ்பீக்கர் பேசியது இரண்டு முறை.

அன்றே துடைக்கும் வரியைச் சேர்த்து, ஏன் சேர்க்கிறேன் என்ற விளக்கத்தோடு அனுப்பினேன். பழைய உள்ளடக்கம் புதுக் கட்டளையாக எடுத்துக்கொள்ளப்படலாம், முந்தைய வடிவத்தில் இது என் தவறு என்று எழுதினேன். கேள்வி கேட்டவர் நன்றி சொன்னார். சென்னையிலிருந்து டீம் லீட் போன் செய்தார்.

"செம்மையா புடிச்சிருக்கீங்க. எப்படிங்க கண்டுபுடிச்சீங்க? நாங்கல்லாம் டோன் வச்சு டெஸ்ட் பண்ணி, காதே செவிடாப் போச்சு."

"வேற ஒரு ஆடியோ போட்டேங்க சார்" என்றேன். என்ன ஆடியோ என்று அவர் கேட்கவில்லை.

அதன் பிறகு ஸ்பீக்கர் ஒருபோதும் பேசவில்லை. ஆனால் நான் இன்னும் கேட்கிறேன். பாத்திரம் தேய்க்கும் தண்ணீர்ச் சத்தத்துக்குள், குக்கர் விசிலின் வாலில், மீட்டிங்கில் யாரோ ஒருவர் மைக்கைத் திறக்கும் அந்த நொடியில். கேட்டதும் ஓடுகிறேன். மகள் விளையாடிக்கொண்டிருப்பாள். "நீயா கூப்பிட்ட?" என்பேன். இல்லை என்று தலையாட்டுவாள். சில நாள் ஆமாம் என்றும் ஆட்டுவாள்; கூப்பிட்டிருக்க மாட்டாள். என்னைப் பார்த்துப் பயந்து, எனக்குப் பிடித்த பதிலைத் தருகிறாளோ என்று தோன்றும். இப்போதெல்லாம் ஏதாவது வேண்டுமென்றால் அவள் கூப்பிடுவதில்லை. வந்து என் சுடிதாரைப் பிடித்து இழுக்கிறாள். மூன்று வயதுப் பிள்ளைகள் எல்லாமே அப்படித்தானா? எனக்குத் தெரியவில்லை. ஒரே பிள்ளைதான்.

வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு தவறு மறுபடி வரவில்லையென்றால், வரவழைத்துப் பார்ப்போம். அதையும் செய்தேன். அக்காவோடு மகளைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, போனை வாய்க்கால் கரையில், அவள் நின்றதாக அக்கா சொன்ன இடத்தில் வைத்தேன். அதே பதிவு, முழுச் சத்தம், நிமிடத்துக்கு ஒரு முறை. வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். மின்விசிறி ஓடினால் கேட்கவில்லை. நிறுத்தினால் கேட்டது. காற்று எங்கள் பக்கம் அடித்தால் மின்விசிறி ஓடும்போதும் கேட்டது. மோட்டார் ஓடினால் எதுவுமே கேட்கவில்லை.

அப்படியென்றால் அன்று மோட்டார் ஓடியதா? கணவரிடம் கேட்டேன்.

"போட்டுட்டுத்தான் வரப்புல நடந்தேன். இல்ல இரு, டிரான்ஸ்பார்மர்ல ஃபியூஸ் போயிருந்துச்சு, அங்க போயி அதக் கட்டிக்கிட்டிருந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியல. ஏன் கேக்குற?"

"சும்மாதாங்க."

"எதுக்கு அதையே நெனச்சிக்கிட்டு இருக்க? கதவ வுட்டவன் நானு" என்றார். என்னைத் தேற்றுகிற குரலில்.

அக்காவிடமும் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே யோசித்தார்.

"நான் பாக்குறப்ப கம்முன்னுதான் நின்னுச்சு. வாய மட்டும் தொறந்து தொறந்து மூடுச்சு."

"சத்தம் வந்துதாக்கா?"

"பக்கத்துல மோட்டாரு ஓடுது. அதுல எனக்கு என்னாத்தக் கேக்கும்?"

ஆக, அக்கா பார்த்தபோது மோட்டார் ஓடியிருக்கிறது. அதற்கு முன் ஃபியூஸ் கட்டிய நேரத்தில் ஓடவில்லை. மகள் எப்போது தண்ணீரில் இறங்கினாள், எப்போது வாயைத் திறக்க ஆரம்பித்தாள்? இதற்கு மேல் கேட்டால், ஏன் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டிவரும். நிறுத்திக்கொண்டேன். கண்ணை மூடினால் அந்த வாய்தான் தெரிகிறது. திறக்கிறது, மூடுகிறது. அதற்குரிய சத்தத்தை நான் கேட்டேனா இல்லையா என்பது மட்டும் தெரியவில்லை.

கணவர் மாறிவிட்டார். முதலில் கொல்லைக் கதவுக்கு இரட்டைத் தாழ்ப்பாள். பிறகு வாய்க்கால் ஓரமாகக் கம்பி வலை. வயலுக்குப் பாதி வழி போனவர் திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார். டீக்கடையில், "என்னாப்பா, நீ வயலுக்குக் காவலா, வீட்டுக்குக் காவலா?" என்று கேலி செய்கிறார்கள் என்று அவரே சொன்னார். சொல்லிச் சிரித்தார். தூரத்தில் இருக்கும் நான்கு மா நிலத்தை, ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கரை, குறுவைக்குத் தரிசாகப் போட்டுவிட்டார். மகளைத் தூக்கும்போது அவர் முதலில் அவள் காலைத் தொட்டுப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன். ஈரமா என்று பார்க்கிறார்.

சென்ற வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார்.

"சம்பாவுக்கு நெலத்தக் குத்தகைக்கு விட்டுறலாம்னு பாக்குறேன். ஒருத்தர் கேட்டிருக்காரு. தஞ்சாவூர்ல மாடி வீடா ஒண்ணு எடுப்போம். ஒனக்கும் நெட்டு நல்லா கெடைக்கும். புள்ளக்கி ஸ்கூலும் பக்கம்."

"நீங்க என்ன பண்ணுவீங்க டவுன்ல?"

"மொட்ட மாடில தொட்டி வச்சு நடவு போடுறேன். நீ வந்து களை எடு."

நான் சிரிக்கவில்லை. "உங்களால முடியாதுங்க" என்றேன்.

"நெலம் எங்கயும் ஓடிப்போவாது. இங்க தண்ணி வர்ற சத்தம் கேட்டாலே கதவப் பாக்க ஓடியாறேன். முன்னெல்லாம் அந்தச் சத்தத்துக்குத்தான் காத்துக்கிட்டு ஒக்காந்திருப்பேன்." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு கதவச் சாத்தத் தெரியாதவன் வெவசாயம் பாத்து என்னா ஆவப்போவுது?"

அப்போது சொல்லியிருக்கலாம். நீங்கள் விட்டது கதவை மட்டும்தான். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, ஒருவேளை குரல் கேட்டும், அவளையே விட்டேன் என்று. ரசத்தை எடுத்து ஊற்றினேன்.

சொல்லாததற்குக் காரணங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. அவை காரணங்களா, சாக்குகளா என்று பிரிக்கத் தெரியவில்லை. நடந்ததா என்றே தெரியாத ஒன்றை நடந்தது என்று சொல்லி அவர் மனதில் ஏற்றிவிடலாமா? அவர் பாரம் பாதியாகுமா, அல்லது அவர் பாரம் அப்படியே இருக்க எனக்கும் ஒன்று சேருமா? இனி என்னை நம்பி மகளை வீட்டில் விட்டுப்போவாரா? வேலையை விட்டுவிடு என்பாரா? அவர் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் நான் அப்படி நினைக்கிற ஆளாகிவிட்டேன். இன்னொன்றும் உண்டு, இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவர் பழியை ஏற்றுக்கொண்ட அந்த நொடியில் எனக்கு மூச்சு வந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

குத்தகைக்குக் கேட்டவர் நாற்றுவிடும் நேரத்துக்குள் பதில் வேண்டும் என்கிறார். அதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஒரு முறை கை மாறினால் மூன்று வருடத்துக்குத் திரும்ப வராது.

இதைப் படிக்கிறவர்களில் கல்யாணமாகிப் பல வருடமானவர்கள் இருப்பீர்கள். தனக்கே நிச்சயமில்லாத ஒரு தவறை வீட்டுக்காரரிடமோ வீட்டுக்காரியிடமோ சொன்னவர்கள் இருப்பீர்கள். சொல்லாமல் விட்டவர்களும் இருப்பீர்கள். சொன்னது நல்லதா? சொல்வதானால், 'எனக்கு ஒருவேளை கேட்டிருக்கலாம்' என்று தொடங்குவதா, 'எனக்குக் கேட்டது' என்றே சொல்லிவிடுவதா? முதலாவது கோழைத்தனமாகத் தெரிகிறது, இரண்டாவது பொய்யாகத் தெரிகிறது. அவர் வயலிலிருந்து வந்து கை கால் கழுவிவிட்டு உட்காரும் நேரத்தில், மகள் பக்கத்தில் இல்லாதபோது, முதல் வாக்கியமாக நான் என்ன சொல்ல வேண்டும்? உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். திட்ட வேண்டும் என்றாலும் திட்டி எழுதுங்கள். ஆனால் நாற்று விடுவதற்குள் எழுதுங்கள்.